ஐஸ்காரர்களுக்கு ஒரு விலக்கு

பிப்ரவரி 9

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே நானும் உன் அத்தானும் மகளும் சுகம். அங்கே நீங்கள் மூன்று பேரும் சுகமா? போனில் கேட்டால் "ம்" என்கிறாய், "சரிக்கா" என்கிறாய், வைத்துவிடுகிறாய். நாட்டுக்காக நாள் முழுக்கப் பேசுகிறவனுக்கு வீட்டுக்குப் பேச வாய் வலிக்கிறது போலிருக்கிறது. அதனால்தான் காகிதத்தை எடுத்தேன். கடிதத்தில் யாரும் "ம்" என்று மட்டும் எழுதி ஒட்டி அனுப்ப முடியாது, பார்.

இந்த முறை அக்காவாக மட்டும் எழுதவில்லை, சங்கச் செயலாளராகவும் எழுதுகிறேன். சிரிக்காதே. துறைமுகத்துச் சின்ன ஐஸ் ஆலைக்காரர்கள் எல்லாரும் சேர்ந்து சங்கம் வைத்தோம் இல்லையா? "நீங்கதான் நாலு எழுத்து நல்லா எழுதுவீங்க, உங்க தம்பி வேற அந்தப் பேச்சுவார்த்தைக் குழுவுலயே இருக்காரு" என்று சொல்லி என் தலையில் கட்டிவிட்டார்கள். விண்ணப்பம் முறைப்படி உங்கள் துறைக்குப் போயாகிவிட்டது. அது அலுவலக நடையில் இருக்கும். உனக்கு வீட்டு நடையில் சொல்கிறேன்.

எங்கள் மெஷின்கள் எல்லாம் பழைய குளிரூட்டும் கேஸில் ஓடுகிறவை. அந்த கேஸ் வானத்தைக் கெடுக்கிறது என்று நாடுகள் எல்லாம் கூடி ஒப்பந்தம் போட்டு, அதை இனி ஒரு நாடு இன்னொரு நாட்டுக்கு விற்கக் கூடாது என்று சொல்லிவிட்டீர்கள். சரி, நல்லதுதான். அந்த வானத்துக்குக் கீழேதான் நாங்களும் இருக்கிறோம். ஆனால் வேறு வழியே இல்லாதவர்களுக்குக் கொஞ்ச காலம் விலக்கு கொடுக்கலாம் என்று அதே ஒப்பந்தத்தில் இருக்கிறதாமே. அதைத்தான் கேட்கிறோம். நான்கு வருஷம். அதற்குள் முட்டி மோதி எல்லாரும் புது மெஷினுக்கு மாறிவிடுவோம்.

"புது கேஸைப் போட்டுப் பார்த்தீர்களா?" என்று அங்கே கேட்பார்களாம். பார்த்தோம். சங்கத்தில் பேசி முடிவெடுத்து, எங்கள் ஷெட்டு மெஷினிலேயே போட்டுப் பார்த்தோம். எல்லாரும் சுற்றி நின்றார்கள். அடுத்த ஷெட்டு மீசைக்காரரைத் தெரியும்தானே, மீசை முதலில் வர ஆள் பின்னால் வருவாரே, அவர்தான் வால்வைத் திறந்தார். குழாய் மூட்டுகள் தாங்கவில்லை, எல்லா இடத்திலும் ஒழுகல். அடைத்துவிட்டு மறுபடி ஓட்டினோம். ஐஸ் பார் வெளியே பார்க்கக் கல் மாதிரி இருக்கிறது, உள்ளே தண்ணீர். படகில் ஏற்றினால் வலை வீசுவதற்கு முன்னாலேயே கரைந்துவிடும். மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டே, "அக்கா, இது ஐஸ் இல்ல, ஐஸ் வேஷம் போட்ட தண்ணி" என்றார். சிரிப்பு வந்தாலும் சிரிக்க முடியவில்லை. மறுபடி பழைய கேஸுக்கே மாற்றிவிட்டோம்.

விலக்கு கிடைக்காவிட்டால், கையிருப்பில் இருக்கிற சிலிண்டர்கள் தீரும்வரைதான் எங்கள் பிழைப்பு. அப்புறம் படகுக்காரர்கள் பைபாஸ் ரோட்டுப் பெரிய கம்பெனியிடம்தான் போக வேண்டும். அவன் புது மெஷின் எப்போதோ போட்டுவிட்டான். நாங்கள் ஷெட்டைப் பூட்டிவிட்டு அவனிடமே கூலிக்கு நிற்க வேண்டியதுதான்.

"தம்பி அங்க இருக்கறப்ப நமக்கென்னக்கா கவலை" என்று இங்கே ஆளாளுக்குச் சொல்கிறார்கள். கேட்கப் பெருமையாகவும் இருக்கிறது, பயமாகவும் இருக்கிறது. பார்த்துச் செய். வேளைக்குச் சாப்பிடு.

அன்புடன்,
உன் அக்கா


மார்ச் 1

என் அன்பு அக்காவுக்கு,

உன் கடிதம் வந்தது. இரண்டு முறை படித்தேன். ஒருமுறை தம்பியாக, ஒருமுறை அதிகாரியாக. தம்பி சிரித்தான், அதிகாரி குறிப்பெடுத்துக்கொண்டான்.

இங்கே நடப்பதைச் சொன்னால் உனக்குச் சிரிப்புதான் வரும். மண்டபத்தில் எல்லாரும் காதில் கருவியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்போம். ஒருவர் பேசுவார், கண்ணாடி அறைக்குள் இருந்து இன்னொருவர் அதை மொழிபெயர்ப்பார். சில சமயம் மொழிபெயர்ப்பாளருக்கே கொட்டாவி வந்து, அந்தக் கொட்டாவி எங்கள் அத்தனை பேர் காதிலும் விழும். உண்மையான பேச்சுவார்த்தை அங்கே நடப்பதில்லை. வெளியே நடைபாதையில், காபி மெஷின் பக்கத்தில், கையில் கோப்பையோடு நடக்கும். "நீ அதை விட்டுக்கொடு, நான் இதைப் பார்த்துக்கொள்கிறேன்" என்று. சந்தையில் பேரம் பேசுவதுதான், கோட்டு போட்டுக்கொண்டு பேசுகிறோம்.

எல்லாரும் ஒத்துக்கொள்ளாத சொற்களைச் சதுர அடைப்புக்குறிக்குள் போட்டு வைப்போம். அடைப்புக்குறியை எடுத்துவிட்டால் அந்த வரி ஒப்பந்தத்தில் சேர்ந்துவிடும். வரியையே எடுத்துவிட்டால் அவ்வளவுதான், கேட்பாரில்லை. உன் ஐஸ் ஆலைகள் இப்போது அடைப்புக்குறிக்குள் இருக்கின்றன. எல்லா விலக்கையும் எதிர்க்கிற ஓர் அம்மா எதிரணியில் இருக்கிறார். கண்ணாடியை மூக்கு நுனியில் இறக்கிவிட்டு, "சான்று எங்கே?" என்று ஒரே கேள்வியைக் கேட்பார். நாங்கள் அவருக்குச் 'சான்றம்மா' என்று பெயர் வைத்திருக்கிறோம். உங்கள் சோதனை அறிக்கையைக் காட்டினேன். ஒழுகிய குழாய்ப் படங்களையும் காட்டினேன். கொஞ்சம் இறங்கி வந்திருக்கிறார்.

நம் நாடு இரண்டு விலக்கு கேட்கிறது. ஒன்று உங்களுடையது. இன்னொன்று, விமானங்களில் தீயணைக்கப் பயன்படும் கேஸுக்கு. எங்கள் குழுத் தலைவர் விமானத்தை விட்டுக்கொடுக்க மாட்டார். நான் ஐஸை விட்டுக்கொடுக்க மாட்டேன். "ஐஸ் தம்பி" என்றே இங்கே என்னைக் கூப்பிடுகிறார்கள், தெரியுமா?

நீ கவலைப்படாதே. உன் வரியைத் தொட வேண்டுமானால் என்னைத் தாண்டித்தான் தொட வேண்டும். சங்கத்தில் தைரியமாகச் சொல்.

அத்தானுக்கு என் வணக்கம். மகளை நன்றாகப் படிக்கச் சொல். ஆனால் என் மாதிரி இந்த வேலைக்கு வரவேண்டாம் என்று சொல், முடி சீக்கிரம் கொட்டிவிடும்.

என்றும் உன்
தம்பி


மார்ச் 18

என் கண்ணான தம்பிக்கு,

உன் மனைவி போன் செய்தாள். நீ அந்த மண்டபத்து நடைபாதையிலேயே மயங்கி விழுந்தாயாமே. இரத்தக் கொதிப்பாம், டாக்டர் படுக்கச் சொல்லியும் மறுநாளே எழுந்து கூட்டத்துக்குப் போய்விட்டாயாம். "அண்ணி, ஐஸ் ஐஸ்னு தூக்கத்துல பொலம்புறாரு, நீங்களாச்சும் சொல்லுங்க" என்று அழுகிறாள். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

டேய், கேள். சுவர் இருந்தால்தான் சித்திரம். நீ எங்களுக்காக உயிரைக் கொடுக்க வேண்டாம். சொல்ல மறந்தேன் பார், இங்கே நிலைமை மாறிவிட்டது. மெக்கானிக் குழாய் மூட்டையெல்லாம் மாற்றிவிட்டு எங்கள் மெஷினில் மறுபடி புது கேஸைப் போட்டார். ஜோராக ஓடுகிறது. ஐஸ் பார் சுத்தியலால் அடித்தாலும் உடைய மாட்டேன் என்கிறது. முன்னால் எழுதியதையெல்லாம் மறந்துவிடு. விலக்கு கிடைத்தால் நல்லது, கிடைக்காவிட்டால் குடி ஒன்றும் முழுகிவிடாது. நாங்கள் எப்படியும் சமாளித்துக்கொள்வோம்.

உன் அத்தான் பக்கத்தில் உட்கார்ந்து இதைப் படித்துவிட்டு ஒரு மாதிரி பார்க்கிறார். "ஏன் இப்படி எழுதுற?" என்கிறார். அவர் கிடக்கிறார். நீ நிம்மதியாக மாத்திரையைப் போட்டுக்கொண்டு படு. உப்பைக் குறை. காபியைக் குறை. பதில்கூட உடனே போட வேண்டாம்.

அன்பு முத்தங்களுடன்,
உன் அக்கா


ஏப்ரல் 7

அன்புள்ள அக்காவுக்கு,

கூட்டம் முடிந்துவிட்டது. உடம்பு இப்போது பரவாயில்லை. உன் கடிதம் எனக்கு எவ்வளவு தெம்பைக் கொடுத்தது என்று உனக்குத் தெரியாது.

முடிவுகள் மொத்தத்தில் நம் நாட்டுக்கு நல்லபடியாகவே அமைந்தன. விவரமாகப் பிறகு எழுதுகிறேன். பத்திரிகையில் அரைகுறையாக ஏதாவது வந்தால் நம்பிவிடாதே. பேச்சுவார்த்தை என்றால் ஒரு கையால் கொடுத்து மறு கையால் வாங்குவதுதான், அதை வெளியே இருந்து பார்க்கிறவர்களுக்குப் புரியவைப்பது கஷ்டம். குழுத் தலைவர் என் தோளில் தட்டி, "நல்ல நேரத்துல கைகொடுத்தீங்க" என்றார். அவர் யாரையும் அவ்வளவு எளிதில் பாராட்டுகிறவர் இல்லை.

என் மகன் பள்ளியில் நாடகத்தில் நடிக்கிறான். மரமாக. வசனம் கிடையாது. அப்பனைப் போலில்லாமல் பிழைத்துக்கொள்வான்.

மற்றவை பிறகு.

அன்புடன்,
தம்பி


மே 2

தம்பிக்கு,

நீ விவரமாகப் பிறகு எழுதுவதாகச் சொன்னாய். பிறகு என்பது வரவேயில்லை. அறிக்கை வந்துவிட்டது.

சங்க அலுவலகத்துக்குத் தபாலில் வந்தது. சங்கத் தலைவர் என்னைக் கூப்பிட்டு, "நீங்களே சத்தமாப் படிச்சுச் சொல்லுங்கக்கா" என்று கையில் கொடுத்தார். அந்தச் சின்ன அறையில் எல்லாரும் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். ஃபேன் வேறு ஓடவில்லை. நான் படித்தேன். விமானத் தீயணைப்புக்கு விலக்கு அளிக்கப்பட்டது. சிறு ஐஸ் ஆலைகளுக்கான விலக்குக் கோரிக்கையை நம் குழுவே திரும்பப் பெற்றுக்கொண்டது. மாற்று கேஸ் இந்த ஆலைகளில் நன்றாக இயங்குவதாக "ஆலை நடத்துபவர் ஒருவரே எழுதிய கடிதம்" சான்றாகக் காட்டப்பட்டது. அதன்படி, உற்பத்தியாகும் ஐஸ் "சுத்தியல் அடியையும் தாங்கும் உறுதி" கொண்டது.

சுத்தியல்! அந்த இடம் வந்ததும் அது என் கடிதம்தான் என்று தெரிந்துவிட்டது. மயங்கி விழுந்த தம்பிக்கு அக்கா சொன்ன ஆறுதலை, நீ அந்த மூக்குக் கண்ணாடிக்காரி முன்னால் சான்றென்று நீட்டியிருக்கிறாய்.

உனக்குத் தெரியாமலா செய்தாய்? சொல். அம்மா போன அன்று உனக்குப் பரீட்சை. "அம்மாவுக்குக் கொஞ்சம் முடியவில்லை, பரீட்சையை முடித்துவிட்டு மெதுவாக வா" என்று எழுதினேன். நீ வந்து வாசலில் பையோடு நின்றாய். எல்லாம் முடிந்து அழுது ஓய்ந்த பிறகு என்னிடம் என்ன சொன்னாய், ஞாபகம் இருக்கிறதா? "இனிமே உன் லெட்டர்ல எல்லாம் நல்லாருக்குன்னு இருந்தா நான் பயந்துக்கணும்க்கா." நீ சொன்னதுதான். உன் பழைய வேலை போன சமயத்தில், உன் அத்தான் ஆபரேஷனுக்குப் படுத்திருந்தபோதும் நான் "எல்லாரும் சுகம்" என்றுதான் எழுதினேன், அதையும் நீ கண்டுபிடித்துவிட்டுப் போன் செய்து திட்டினாய். என் பொய்யை உலகத்திலேயே தெரிந்தவன் நீ ஒருவன்தான். அந்தப் பொய்யை வைத்தே எங்களை முடித்துவிட்டாய். நம்ப வைத்துக் கழுத்தை அறுத்துவிட்டாயே, பாவி.

இங்கே நடப்பதைக் கேள். அந்தக் கடிதத்தை எழுதியது யார் என்று எல்லாரும் தேடினார்கள். என்னை ஒருவரும் சந்தேகப்படவில்லை. மீசைக்காரர்மேல் போய் விழுந்தது. வால்வைத் திறந்தவர் அவர். ஷெட்டை விற்கலாமா என்று பெரிய கம்பெனிக்காரனிடம் ஒருமுறை பேசிப் பார்த்தவரும் அவர். போதாதா? அவர் டீக்கடைக்கு வந்தால் பெஞ்சு காலியாகிறது. படகுக்காரர்கள் அவரிடம் ஐஸ் எடுப்பதில்லை. கட்டிய ஐஸ் அவர் ஷெட்டு வாசலில் தண்ணீராக ஓடி எங்கள் வாசல் வரை வருகிறது. அவர் மனைவி என்னிடம் வந்து, "அக்கா, எங்க வீட்டுக்காரர் அப்படிப்பட்ட ஆள் இல்லன்னு உங்களுக்காச்சும் தெரியுமில்ல?" என்று கேட்டாள். தெரியும் என்றேன். அதற்கு மேல் வாயைத் திறக்கவில்லை. என்னை நானே காறித் துப்பிக்கொள்ளலாம் போலிருந்தது.

உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். தலைவர் விசாரித்துவிட்டார். காட்டிய சான்று தவறு என்று காட்டியவர்களே எழுதிக்கொடுத்தால், அடுத்த கூட்டத்தில் கோரிக்கையை மறுபடி எடுத்துக்கொள்ள ஒப்பந்தத்தில் இடம் இருக்கிறதாம். எழுதிக் கொடு. அது சான்று இல்லை, உடம்புக்கு முடியாத தம்பிக்கு அக்கா சொன்ன ஆறுதல், அவளைக் கேட்காமல் காட்டியது நான்தான் என்று எழுதி, கையெழுத்துப் போட்டுச் சங்கத்துக்கு அனுப்பு. மீசைக்காரரும் பிழைப்பார், நாங்களும் பிழைப்போம்.

நான் உன்னிடம் இதுவரை எதுவும் கேட்டதில்லை. இதைக் கேட்கிறேன்.

உன் அக்கா


மே 24

என் அன்பு அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு நான் அழுதேன். நீ நம்பமாட்டாய்.

நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். கடைசி நாளுக்கு முந்தின நாள் சான்றம்மாவின் அணி ஒரே வார்த்தையாகச் சொல்லிவிட்டது: உங்கள் நாட்டுக்கு ஒரு விலக்குதான், எதுவென்று நீங்களே முடிவு செய்யுங்கள். மேலிடத்திலிருந்து விமானம்தான் என்று உத்தரவு வந்தது. விமானத்தில் தீப்பிடித்தால் உயிர் போகும் அக்கா, ஐஸ் இல்லாவிட்டால் வேறு இடத்தில் வாங்கிக்கொள்ளலாம். என்னால் எதிர்த்து என்ன சொல்ல முடியும்? ஆனால் ஒன்றைத் திரும்பப் பெற வேண்டுமென்றால் காரணம் காட்ட வேண்டும். சும்மா கைவிட்டோம் என்றால், முதலில் கேட்டதே பொய் என்றாகி இன்னொன்றும் கெட்டுவிடும். குழுத் தலைவர் மேசையைத் தட்டி, "காரணம் ஏதாச்சும் இருக்கா, இல்லையா?" என்று கேட்டார். உன் கடிதம் என் சட்டைப் பையில் இருந்தது. வந்த நாளிலிருந்து அங்கேயே வைத்திருந்தேன், அவ்வளவு ஆறுதலாக இருந்தது.

நீ எழுதியது முழுக்க உண்மையாக இருக்காது என்று எனக்குத் தோன்றாமல் இல்லை. மறைக்கமாட்டேன். ஆனால் அது எழுத்தில் இருந்தது. எங்கள் தொழிலில் எழுத்தில் இருப்பதுதான் இருப்பது. நீயே சமாளித்துக்கொள்வோம் என்று எழுதியிருந்தாய். அதை நான் நம்ப விரும்பினேன். உன் பெயரைச் சொல்லவில்லை, உறவையும் சொல்லவில்லை. அந்த இரண்டு வரியை மட்டும் மொழிபெயர்த்துக் கொடுத்தேன்.

நீ கேட்பதை என்னால் எழுதித் தர முடியாது. நான் அங்கே தனி ஆளாகப் பேசவில்லை, நாட்டின் பெயரால் பேசினேன். தவறான சான்று காட்டினேன் என்று நானே எழுதினால் விமான விலக்கையும் தூக்கிவிடுவார்கள். என் வேலை அன்றைக்கே போய்விடும். அடுத்த கூட்டத்துக்குக் குழுத் தலைவராக என் பெயரை அனுப்பியிருக்கிறார்கள். இத்தனை வருஷம் பட்ட பாடு உனக்கே தெரியும். அக்கா, உன் காலில் விழுந்து கேட்கிறேன், இது நம் வீட்டுக்குள்ளேயே இருக்கட்டும்.

உனக்கு நான் ஒன்றும் செய்யாமல் விட்டுவிடவில்லை. புது மெஷினுக்கு மாறுகிறவர்களுக்கு உதவ ஒரு நிதி வைத்திருக்கிறார்கள். யார் யார் காலிலோ விழுந்து, அதில் வரும் முதல் மெஷினை உன் ஆலைக்கு வாங்கிவிட்டேன். முழுக்க இலவசம். ஜூன் மாதக் கடைசியில் வந்து இறங்கும். அதை வைத்து நீ அந்தப் பெரிய கம்பெனியையே ஒரு கை பார்க்கலாம். இப்போதைக்குச் சங்கத்தில் சொல்லாதே, வயிறெரிவார்கள்.

மீசைக்காரர் விஷயம் வருத்தம்தான். நாளாக ஆக எல்லாரும் மறந்துவிடுவார்கள்.

கோபத்தை விட்டுவிட்டு ஒரு வரி எழுது. உன் கடிதம் வராவிட்டால் எனக்கு ஓடாது.

என்றும் உன் அன்புத்
தம்பி


ஜூலை 3

தம்பிக்கு,

ஒரு வரி எழுதச் சொன்னாய். கொஞ்சம் அதிகமாகவே எழுதுகிறேன். பொறுமையாகப் படி.

மெஷின் வந்துவிட்டது. சங்கக் கூட்டத்தன்று வந்தது. அதை நீ திட்டமிடவில்லை என்று எனக்குத் தெரியும், உனக்கு அந்த அளவுக்குச் சாமர்த்தியம் கிடையாது. லாரி எங்கள் சந்துக்குள் நுழைய முடியாமல் முனையில் நின்று ஹாரன் அடித்தது. டிரைவர் இறங்கி வந்து, கூட்டம் நடக்கிற அறை வாசலில் நின்று, "இங்க செயலாளரம்மா யாருங்க? வெளிநாட்டு உதவில மெஷின் வந்திருக்கு, கையெழுத்துப் போடணும்" என்றார். எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். முதலில் அவர்கள் முகத்தில் சந்தோஷம்தான் வந்தது. அக்கா சங்கத்துக்கு மெஷின் வாங்கிவிட்டாள் என்று நினைத்திருக்கிறார்கள். தலைவர் காகிதத்தை வாங்கிப் படித்தார். என் ஆலைப் பெயர் மட்டும் இருந்தது.

அன்றைக்குக் கூட்டமே மீசைக்காரரைச் சங்கத்திலிருந்து நீக்கத்தான் கூடியிருந்தது. அவரும் வந்து சுவரோரம் நின்றுகொண்டிருந்தார். முந்தின நாளே நான் முடிவு செய்துவிட்டேன், லாரி வந்தாலும் வராவிட்டாலும் சொல்லியிருப்பேன். எழுந்து நின்று, "அந்த லெட்டரை எழுதினது நான்தான். அவர் இல்ல" என்றேன்.

தலைவர்தான் கேட்டார். "யாருக்கு எழுதினீங்க?"

"என் தம்பிக்கு."

"மெஷின் ஓடுதுன்னா எழுதினீங்க?"

"ஆமா. பொய். அவனுக்கு உடம்பு சரியில்ல, மனசு ஆறட்டும்னு எழுதினேன்."

தலைவர் நல்ல மனிதர். என்னைக் காப்பாற்ற வழி தேடினார். "சரிக்கா. உங்க தம்பி அதை உங்களைக் கேட்டுட்டுக் காட்டினாரா, கேக்காம காட்டினாரா? அதை மட்டும் சொல்லுங்க. கேக்காம காட்டியிருந்தா உங்கமேல தப்பே இல்ல" என்றார்.

அறை முழுக்க என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. உன் கடைசிக் கடிதம் என் பையில் இருந்தது. எடுத்து மேசைமேல் வைத்திருந்தால் போதும். வைக்கத்தான் கொண்டு போனேன். உன் அத்தானிடமும் சொல்லிவிட்டுத்தான் போனேன்.

"கேட்டுட்டுத்தான் காட்டினான். நான்தான் காட்டச் சொன்னேன்" என்றேன்.

ஏன் சொன்னேன் என்று உன் அத்தான் அன்றையிலிருந்து கேட்கிறார். உன்மேல் பாசத்தால் என்று நினைத்துக்கொள்ளாதே. பாசம் என்றால்கூட மன்னித்திருப்பேன் என்கிறார். அது இல்லை. என் தம்பி என்னை விற்றுவிட்டான் என்று அத்தனை பேர் முன்னால் என் வாயால் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. "தம்பி இருக்கறப்ப நமக்கென்னக்கா கவலை" என்று சொன்னவர்கள்தான் எதிரே உட்கார்ந்திருந்தார்கள். நான் துரோகி என்று அவர்கள் நினைப்பதைத் தாங்கிவிடலாம் போலிருந்தது. உன்னால் ஏமாந்தவள் என்று பரிதாபமாகப் பார்ப்பதைத் தாங்க முடியாது போலிருந்தது. அந்த ஒரு நொடியில் அப்படித்தான் தோன்றியது. இப்போதும் அப்படித்தான் தோன்றுகிறது.

மீசைக்காரர் சுவரோரத்திலிருந்து நேராக என்னிடம் வந்தார். அடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "உங்களை ஒருத்தன் சந்தேகப்பட்டான்னு அவன் சட்டையைப் பிடிச்சேன்க்கா, போன வாரம்" என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே போனார். நான் இதுவரை வாங்கியதிலேயே பெரிய அடி அதுதான். நீ கொடுத்தது அதற்கு அடுத்தது.

மெஷினை எங்கள் ஷெட்டில் இறக்கவிடவில்லை. சங்கத்தின் பெயருக்கு எழுதிக் கொடுத்து, அலுவலகத்துக்குப் பின்னால் இறக்கச் சொன்னேன். ஒருவரும் அதன்மேல் சுற்றிய பிளாஸ்டிக்கைக்கூடப் பிரிக்கவில்லை. அதைத் தொட அவர்களுக்குக் கூசுகிறது. செயலாளர் பதவியை அன்றைக்கே எழுதிக் கொடுத்துவிட்டேன். எங்களிடம் இப்போது படகுக்காரர்கள் வருவதில்லை. மீசைக்காரரிடம் வருகிறார்கள், அந்த மட்டுக்கும் நல்லது. அவரிடம் கேஸ் தீரும்வரை வருவார்கள். அதற்குப் பிறகு எல்லாருக்கும் ஒரே கதிதான். எங்கள் சிலிண்டர்களை உன் அத்தான் அவருக்கே அனுப்பிவிட்டார். அடுத்த வாரத்திலிருந்து பைபாஸ் ரோட்டுக் கம்பெனியில் லோடு ஏற்றுகிற வேலைக்குப் போகிறார். போகட்டும். வீட்டில் என்னோடு பேச்சில்லாமல் உட்கார்ந்திருப்பதைவிட அது அவருக்குத் தேவலை. மகள் மட்டும் இரண்டு பக்கமும் தூது போகிறாள்.

ஆக, உனக்கு ஒரு கெடுதலும் வராது. சங்கத்திலிருந்து உன்மேல் எந்தப் புகாரும் போகாது, போக வழியும் இல்லை. செயலாளரே சம்மதித்துக் கொடுத்த கடிதம் என்று கூட்டக் குறிப்பில் ஏறிவிட்டது. எழுத்தில் இருப்பதுதான் இருப்பது என்றாய். இப்போது அப்படியே இருக்கிறது. குழுத் தலைவராகப் போ. தாராளமாகப் போ.

உனக்காக நான் சொன்ன பொய்களில் இது கடைசி. இனி உனக்கு எழுதினால் உள்ளதை உள்ளபடிதான் எழுத வேண்டும். எழுத ஆரம்பித்தால் உன்னைத் திட்டுவேன், திட்டி முடித்ததும் சாப்பிட்டாயா என்று கேட்டுவிடுவேன். அதைக் கேட்க எனக்கு இப்போது மனசில்லை. அதனால் எழுதமாட்டேன். நீயும் எழுதாதே. போன் வந்தால் மகள் எடுப்பாள், நான் வீட்டில் இல்லை என்று சொல்லச் சொல்லியிருக்கிறேன்.

அக்கா